பாட்லிக்கரும் தாஷியும் ஒரே மடிப்பில்: அட்லாண்டாவில் ஒரு கியோசா வகுப்பு

வகுப்புக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் ஆசிரியை முதலில் இரண்டு சிறிய கோப்பைகளை நீட்டினார். ஒன்றில் கோம்பு என்னும் கடற்பாசியும், புகையில் உலர்த்திய மீனின் சீவலான கட்சுவோபுஷியும் இட்டு எடுத்த ஜப்பானியத் தாஷி இருந்தது. மற்றொன்றில் இருந்தது, புகையூட்டிய வான்கோழி இறக்கைகளோடு கொலார்டு கீரையை நெடுநேரம் வேகவைத்து வடித்த சாறு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதற்குப் பாட்லிக்கர் என்று பெயர். விளக்கம் எதுவும் தராமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பருகச் சொன்னார். முதல் மிடறில் இரண்டுக்கும் எந்த உறவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மூன்றாவது மிடறில், இரண்டின் அடியிலும் ஓடுகிற புகைமணமும், விழுங்கிய பிறகும் நாவில் தங்கி நிற்கிற அந்தச் சுவையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவாகிவிட்டது. அந்த மாலையில் நான் கற்றவற்றுள் மிகப் பெரியது அந்த 2 கோப்பைகளில்தான் இருந்தது. மற்ற 3 மணி நேரமும் அதன் விரிவுரை என்றே சொல்வேன்.

மெல்லிய மாவு வட்டுக்குள் பூரணம் பொதிந்து மடித்துச் செய்யும், கொழுக்கட்டை போன்ற ஜப்பானியக் கியோசாவையும் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் ஃபுட் சமையலையும் இணைத்துச் செய்யக் கற்பிக்கும் வகுப்பு இது. ஒருவருக்கு 95 டாலர் கட்டணம்; ஒரு சனிக்கிழமை மாலையில், 12 பேருக்கு, ஒரு வாடகைச் சமையற்கூடத்தில் நடந்தது. ஆசிரியையின் தாய் ஜப்பானின் ஹமாமட்சு நகரைச் சேர்ந்தவர். தந்தையின் குடும்பம் தென்மாநிலமான அலபாமாவிலிருந்து வந்தது. ஆகவே இரண்டு சமையல்களும் அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல என்பது, கீரையின் நடுநரம்பைக் கையால் உருவியெடுக்கும் வேகத்திலேயே தெரிந்தது. இத்தகைய கலப்பு உணவுகளின்மீது எனக்குச் சிறிது அவநம்பிக்கை இருந்ததை மறைக்க விரும்பவில்லை. சில மாதங்களுக்கு முன்பு ஓர் உணவகத்தில், பொரித்த கோழியைத் துண்டாக்கி மாவுக்குள் அடைத்துப் புதிய படைப்பு என்று பரிமாறியதை உண்டு ஏமாந்திருந்தேன். மாவு மாவாகவும் கோழி கோழியாகவும் தனித்தனியே நின்றன. இங்கே கற்பித்த நான்கு வகைகளில் மூன்று அந்தத் தவறைச் செய்யவில்லை; ஒன்று செய்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் 10 நிமிடங்கள் வரலாற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. கியோசா ஜப்பானில் தோன்றியது அல்ல. சீனாவின் ஜியாவ்ட்ஸி அதன் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்து மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் வழியாகவே அது நாடு முழுவதும் பரவியது. அங்கே மேல்மாவு மெலிந்தது, பூண்டு கூடியது, ஒருபுறம் மட்டும் வறுத்து ஆவியில் வேகவைக்கும் முறை முதன்மை பெற்றது. இன்று உட்சுனோமியாவும் ஹமாமட்சுவும் கியோசாவின் பெயரால் ஒன்றோடொன்று போட்டியிடும் ஊர்கள். சோல் ஃபுட் என்ற பெயர் 1960-களில்தான் பரவலானது. அந்தச் சமையலோ அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தென்மாநிலங்களில் உருவாக்கிய, பல நூற்றாண்டு மூத்த சமையல். 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் இடம்பெயர்ந்தபோது, அந்தச் சமையலும் அவர்களுடன் நகரங்களுக்குச் சென்றது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த உணவுகள் இவை இரண்டும் என்று ஆசிரியை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அந்தச் சுருக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

கொலார்டு கீரையும் புகையூட்டிய வான்கோழியும் பூரணமாக இருக்கும் கியோசாதான் இந்த வகுப்பின் உயிர். ஜப்பானிய வீடுகளில் கியோசாவின் பூரணத்தில் பாதிக்கு மேல் முட்டைக்கோசு இருப்பது வழக்கம். கொலார்டும் முட்டைக்கோசும் தாவரவியலில் ஒரே இனம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. ஒன்று தலையாகச் சுருண்டுகொள்கிறது, மற்றொன்று இலையாக விரிந்து நிற்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே முட்டைக்கோசை நீக்கிவிட்டுக் கொலார்டைச் சேர்ப்பது வலிந்து செய்த மாற்றமாகத் தோன்றவில்லை. உறவுக்காரரை அழைத்து அதே இருக்கையில் அமர்த்தியதுபோல் இருந்தது. ஆனால் கொலார்டு தடித்த இலை. பச்சையாக நறுக்கி உப்பிட்டுப் பிழிந்தால் முட்டைக்கோசைப்போல் இளகாது. அதனால் பாட்லிக்கரிலேயே 45 நிமிடம் வேகவைத்து, ஆறவிட்டு, துணியில் கட்டி ஒட்ட ஒட்டப் பிழிந்து, பிறகே பொடியாக நறுக்க வேண்டும். பிழியும்போது சோம்பல் காட்டிய எங்கள் மேசையில் 4 கியோசாக்கள் வாணலியிலேயே கிழிந்தன.

பாட்லிக்கர் செய்யும் முறையில்தான் இரண்டு சமையல்களும் உண்மையாகவே கைகோத்தன. வழக்கமான முறையில் பன்றியின் புகையூட்டிய கால்மூட்டையோ வான்கோழியின் கழுத்தையோ இறக்கையையோ வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாயுடன் 2 மணி நேரம் கொதிக்கவிட்டுப் பின்னர் கீரையைச் சேர்ப்பார்கள். உடல்நலம் கருதியோ சமயக் காரணத்தாலோ பன்றிக்குப் பதிலாக வான்கோழிக்கு மாறிய சோல் ஃபுட் சமையலர்கள் இன்று ஏராளம். ஆசிரியையும் அவ்வழியே செல்கிறார். அவர் செய்யும் மாற்றம் இது: கொதிக்கவைப்பதற்கு முன், லிட்டருக்கு 10 கிராம் கோம்பை அதே நீரில் ஊறவைத்து, மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுகிறார். கொதிக்கவிட்டால் கோம்பு வழவழப்பையும் கசப்பையும் நீரில் இறக்கிவிடும். அதன் பிறகே வான்கோழி இறக்கைகள் பானைக்குள் போகின்றன. இதன் காரணத்தை அவர் எளிமையாக விளக்கினார். கோம்பின் சுவைக்கு குளூட்டமேட் காரணம் என்று 1908-இல் கிகுனே இகெடா கண்டறிந்தார்; கட்சுவோபுஷியின் சுவைக்குப் பின்னால் இருப்பது இனோசினேட் என்று 1913-இல் ஷின்டாரோ கொடாமா கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது, உமாமி என்று ஜப்பானியர் அழைக்கும், நாவில் தங்கி நிற்கிற அந்தச் சுவை வெறும் கூட்டுத்தொகையாக நிற்காமல் பன்மடங்காகிறது. இனோசினேட் மீனில் மட்டுமன்றி இறைச்சியிலும் கோழியினத்திலும் உண்டு. தாஷியில் மீன் செய்யும் வேலையைப் பாட்லிக்கரில் புகையூட்டிய வான்கோழி செய்கிறது. அதற்கு இதுவரை இல்லாத துணையாகக் கோம்பு வந்து சேர்கிறது. கோம்பு இட்டதையும் இடாததையும் அருகருகே வைத்துச் சுவைக்கக் கொடுத்தார். இடாதது நன்றாகவே இருந்தது. இட்டதைச் சுவைத்தபின் அதற்குத் திரும்ப மனம் வரவில்லை.

வான்கோழி இறக்கையின் மூட்டுகளிலிருந்து இறங்கும் பசைத்தன்மை காரணமாக, வற்றவைத்துக் குளிரூட்டிய பாட்லிக்கர் கட்டிக்கூழாக உறைந்துவிடுகிறது. அதைச் சிறு துண்டுகளாக்கிக் கீரையோடும் உதிர்த்த வான்கோழியோடும் கலந்து பொதிந்தால், வாணலியில் சூடு ஏறும்போது அது மீண்டும் சாறாகிறது. கடித்தவுடன் வாய்க்குள் பாட்லிக்கர் பாய்கிறது. தென்மாநில வீடுகளில் இந்தச் சாற்றை மக்காச்சோள ரொட்டியால் துடைத்தெடுத்து உண்பது பழக்கம். கடைசித் துளிவரை விடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதமே இந்தக் கியோசாவுக்குள் இருக்கிறது. நான் உண்ட கலப்பு உணவுகளில், இரு பக்கத்தாரும் தங்களுடையது என்று உரிமை கொண்டாடக்கூடியதாக எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான்.

மேல்மாவைப் பற்றி அவ்வளவு மனநிறைவோடு பேச முடியவில்லை. கோதுமை மைதாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைவது சரியான முறை. கொதிநீர் மாச்சத்தை அங்கேயே வேகவைத்து, மாவின் இழுவிசையைக் குறைத்து, மெல்லியதாகத் தேய்க்க வழிசெய்கிறது. எடையில் மாவுக்குப் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக நீர், சிறிது உப்பு, அரை மணி நேர ஓய்வு, பிறகு 9 சென்டிமீட்டர் வட்டுகள். ஆனால் வகுப்பில் அந்த ஓய்வு நேரம் 10 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. ஓய்வெடுக்காத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே வந்தது. புதிதாகக் கற்பவர்கள் குற்றம் தம் கையில்தான் என்று எண்ணிச் சோர்ந்தார்கள். ஆசிரியை முன்னதாகவே பிசைந்து வைத்த மாவை எல்லோருக்கும் பகிர்ந்திருந்தால் இந்தச் சங்கடமே எழுந்திருக்காது. மடிப்புகளைப் பொறுத்தவரை அவருடைய பொறுமை பாராட்டத்தக்கது. ஒருபுறம் மட்டும் மடிப்பு விழ வேண்டும், மறுபுறம் தட்டையாகவே நிற்க வேண்டும், அப்போதுதான் கியோசா பிறைபோல் வளைந்து வாணலியில் தானே உட்காரும் என்பதை ஒவ்வொருவர் அருகிலும் நின்று செய்துகாட்டினார்.

வாணலியில் இட்ட பிறகு வந்த ஒரு நுணுக்கம் என்னை வியக்கவைத்தது. ஜப்பானில் கியோசாவை வறுக்கும்போது, நீருக்குப் பதிலாகச் சிறிது மாவு கரைத்த நீரை ஊற்றினால், நீர் வற்றியதும் அடியில் சரிகைபோன்ற ஒரு மொறுமொறுப்பான படலம் எஞ்சும். அதை இறக்கை என்றே அழைக்கிறார்கள். ஆசிரியை அந்த நீரில் நைசாக அரைத்த மக்காச்சோள மாவைக் கரைக்கிறார். கடைகளில் சோள மாவு என்ற பெயரில் விற்கும் வெள்ளை மாச்சத்து இதற்குப் பயன்படாது. முழு மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவே வேண்டும். 12 கியோசாக்களுக்கு 100 மில்லி நீர், 2 தேக்கரண்டி மக்காச்சோள மாவு, 1 தேக்கரண்டி மைதா. மக்காச்சோளம் அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றும் நொடியில் மீண்டும் கலக்க வேண்டும். முதலில் எண்ணெயில் 2 நிமிடம், கரைசலை ஊற்றி மூடி 5 நிமிடம், மூடியை எடுத்தபின் ஓரங்கள் வாணலியை விட்டுத் தானாக எழும்பும்வரை 2 அல்லது 3 நிமிடம். கனமான வார்ப்பிரும்பு வாணலியில், தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பியபோது, பொன்னிறப் படலம் முழுதாக வந்தது. அதன் மணம் அப்படியே கொதிநீர் மக்காச்சோள ரொட்டியின் மணம்! தென்மாநிலச் சமையலறைகளில் மக்காச்சோள மாவில் கொதிநீர் ஊற்றி, தட்டி, வாணலியில் பொரித்தெடுக்கும் அந்த எளிய ரொட்டியை உண்டவர்கள் எங்கள் குழுவில் மூவர் இருந்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி படலத்தை மட்டும் உடைத்து உண்டுவிட்டு, தன் தாயின் அடுப்படி நினைவுக்கு வருவதாகச் சொன்னார்.

இரண்டாவது வகையின் பூரணம் காராமணியும் வெண்டைக்காயும். இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவை. ஆங்கிலத்தில் வெண்டைக்காயைக் குறிக்கும் ஒக்ரா என்ற சொல் மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. ஜப்பானியர்கள் அதையே ஒகுரா என்கிறார்கள். வெண்டைக்காயின் வழவழப்பைப் பலரும் குறையாகக் கருதிப் போக்க முயல்வார்கள். ஜப்பானியர்களோ அத்தகைய தன்மையை நெபநெப என்று பெயரிட்டு விரும்பி உண்பவர்கள். தென்மாநிலத்தாரும் அதைக் குழம்பைக் கெட்டிப்படுத்தும் குணமாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அந்த வழவழப்பே மசித்த காராமணியைப் பிணைத்து நிறுத்துகிறது; முட்டை தேவைப்படவில்லை. புத்தாண்டு நாளில் காராமணி உண்டால் அவ்வாண்டு நலம் தரும் என்பது தென்மாநில நம்பிக்கை. ஜப்பானியப் புத்தாண்டு உணவிலும் இனிப்பாக வேகவைத்த கறுப்பு அவரை இடம்பெறுகிறது. உடல்நலத்தோடும் உழைப்போடும் வாழ வேண்டும் என்பது அதன் வேண்டுதல். இதை வேகவைத்த கியோசாவாக, தெளிந்த தாஷியில் மிதக்கவிட்டுப் பரிமாறினார்கள். சுவை மென்மையானது, சற்றே அடங்கியது என்றுகூடச் சொல்லலாம். எனினும் இரண்டு கிண்ணம் உண்டேன்.

மூன்றாவது வகைதான் சறுக்கியது. மக்ரோனியையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துச் சுடும் உணவு சோல் ஃபுட் மேசையில் மிக மதிப்பானது. விருந்தில் அதை யார் செய்தார்கள் என்று கேட்டறிந்த பிறகே தட்டில் இட்டுக்கொள்பவர்கள் உண்டு. அதை ஆறவைத்து, நறுக்கி, மைதா வட்டுக்குள் பொதிந்து பொரித்தார்கள். மாவுக்குள் மாவு. சுட்ட மக்ரோனியின் சிறப்பே மேற்பரப்பில் பொன்னிறமாக இறுகிய விளிம்பில்தான் இருக்கிறது. அதைப் பூட்டிவைத்தபின் எஞ்சியது ஒரு கனமான உருண்டை. மேலே தூவிய ஜப்பானிய ஏழுமசாலா நறுமணம் தந்தது, ஆனால் காப்பாற்றவில்லை. ஓர் உணவின் தோற்றத்தை எடுத்து இன்னொன்றின் உறைக்குள் இடுவது போதாது, ஒன்றின் செய்முறை மற்றொன்றுக்குள் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்பதை இந்த வகுப்பின் முதல் வகையே கற்பித்தது. மூன்றாவது வகை அதை மறந்துவிட்டது. பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டு அந்த அரை மணி நேரத்தை மேல்மாவுக்குக் கொடுக்கலாம் என்று வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் வருந்தாமல் கேட்டுக்கொண்டார். குழந்தைகளோடு வருபவர்கள் விரும்பிக் கேட்பதால் சேர்த்ததாகச் சொன்னார்.

இனிப்பாக வந்த சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கியோசாவில் பிழை இல்லை. வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ஜாதிக்காய் ஆகியவற்றோடு ஒரு கரண்டி வெள்ளை மிசோ என்னும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த விழுது. மிசோவின் உப்பு அந்த இனிப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துகிறது.

தொட்டுக்கொள்ளக் கொடுத்ததையும் குறிப்பிட வேண்டும். ஜப்பானில் கியோசாவுக்குச் சோயா சாஸ், அரிசி வினிகர், மிளகாய் எண்ணெய் மூன்றையும் அவரவர் விருப்பப்படி கலந்துகொள்வார்கள். தென்மாநில மேசைகளிலோ கீரைமீது ஊற்றுவதற்கென்று, சிறு மிளகாய்களை வினிகரில் ஊறவைத்த புட்டி ஒன்று எப்போதும் இருக்கும். ஆசிரியை அந்த மிளகாய் வினிகரையே எடுத்து, அரிசி வினிகருக்குப் பதிலாகச் சோயாவுடன் கலந்தார். மிளகாய் எண்ணெய்க்கும் வேலையில்லாமல் போயிற்று. ஒரு புட்டியை மாற்றிவைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆயினும் கொலார்டுக் கியோசாவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

குறைகள் இன்னும் உண்டு. 12 பேருக்கு 3 அடுப்புகளே இருந்ததால், நால்வர் ஒரு வாணலிக்குக் காத்திருந்தோம். 95 டாலர் கொடுத்தவர் தம் கையால் ஒரு முறையாவது முழு வாணலியைத் திருப்பிப்போட வாய்ப்புப் பெற வேண்டும். கையில் கொடுத்த செய்முறைத் தாளில் எல்லா அளவுகளும் கோப்பைக் கணக்கில் இருந்தன. கொதிநீர் மாவுக்குக் கோப்பைக் கணக்கு நம்பத்தக்கதன்று. நான் மேலே குறித்த எடைகள் ஆசிரியையைக் கேட்டு எழுதிக்கொண்டவை. பூரணத்தில் உப்பு மிகுந்திருந்தது. புகையூட்டிய வான்கோழியில் ஏற்கெனவே உப்பு உண்டு, சாறு வற்ற வற்ற அது செறிகிறது, அதன்மேல் சோயாவும் சேர்கிறது. வற்றவைத்து முடித்துச் சுவைபார்க்கும்வரை தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது என்று தாளில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இறைச்சி உண்ணாதவர்கள் இருவருக்குக் காராமணிக் கியோசா போதும் என்று கருதப்பட்டது. அதை மிதக்கவிட்ட தாஷியிலோ மீன் இருந்தது. அவர்கள் கேட்ட பிறகே, கோம்பும் உலர்ந்த ஷிடாக்கே காளானும் இட்டு அவசரமாக வேறொரு சாறு தயாரானது. முன்பதிவின்போதே இதைக் கேட்டறிந்திருக்கலாம்.

அடுத்த வாரமே வீட்டில் செய்துபார்த்தேன். ஸ்வீட் ஆபர்ன் பகுதியில் உள்ள நகரச் சந்தையில் கொலார்டும் புகையூட்டிய இறக்கைகளும் ஒரே நடையில் கிடைத்தன. கோம்புக்கும் மிசோவுக்கும் பஃபோர்ட் நெடுஞ்சாலையில் உள்ள ஆசிய மளிகைக் கடைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை பாட்லிக்கரை வைத்து, இரவு முழுதும் குளிரூட்டி, மறுநாள் மாவுக்கு முழு அரை மணி ஓய்வு கொடுத்தேன். வட்டுகள் சுருங்கவில்லை. முதல் வாணலியில் படலம் பாதி ஒட்டிக்கொண்டது. பொறுமையிழந்து ஓரங்கள் எழும்புவதற்கு முன்பே திருப்பிவிட்டேன். இரண்டாவது வாணலியில் முழுதாக வந்தது. கீரையை முதலில் தனியே வேகவைத்துப் பிறகு சாற்றில் இடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சாற்றிலேயே வேகும் கீரைதான் சாற்றையும் பாட்லிக்கராக்குகிறது.

40 கியோசாக்களில் பாதியைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, உறையவைத்து, பிறகு பையில் இட்டு வைத்தேன். சமைக்கும்போது அவற்றை உருகவிடாமல் நேரே வாணலியில் அடுக்கி, மூடிவைக்கும் நேரத்தை மட்டும் 2 நிமிடம் கூட்ட வேண்டும். வெளியே வைத்து உருகவிட்டால், உள்ளே இருக்கும் சாற்றுக்கூழ் முதலில் இளகி மாவை நனைத்து, எடுக்கும்போதே அடி கழன்றுவிடும்.